சுண்டுவிரல் பக்க எலும்பு முறிந்தால்: பாதத்துக்கு ஓய்வு, உடம்புக்கு வேலை

கடைசிப் படியைக் கவனிக்காமல் கால் வைப்பது, சாலையோரப் பள்ளத்தில் செருப்பு வழுக்குவது, பந்தைத் துரத்தித் திரும்பும்போது பாதம் உள்பக்கமாக மடங்குவது. இந்த மூன்றில் ஒன்றுதான் பெரும்பாலும் நடக்கிறது. பாதத்தின் வெளி ஓரத்தில் ‘டக்’கென்று ஒரு சத்தம், பத்து நிமிடத்தில் வீக்கம். வீட்டில் எல்லோரும் சுளுக்கு என்பார்கள். உண்மையில் முறிந்திருப்பது ஐந்தாவது மெட்டாடார்சல் என்ற எலும்பாக இருக்கலாம். சுண்டுவிரலிலிருந்து குதிகாலை நோக்கிப் பாதத்தின் வெளி ஓரமாகத் தடவிக்கொண்டே வாருங்கள். பாதி வழியில் ஒரு முட்டு தட்டுப்படும். அதுதான் அந்த எலும்பின் அடிப்பகுதி. அங்கே தொட்டாலே உயிர் போகிறதென்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

“ஆறு வாரம் ரெஸ்ட் எடுங்க” என்று டாக்டர் சொல்வது பாதத்துக்கு. அதைப் பலர் உடம்பு முழுவதற்கும் எடுத்துக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். எலும்பு கூடிவிடும். ஆனால் தொடை மெலிந்து, எடை ஏறி, சர்க்கரை கட்டுப்பாடு தவறி, நல்ல காலின் முழங்கால் வலிக்கத் தொடங்கியிருக்கும். அந்த இழப்பை மீட்க, எலும்பு கூடுவதற்கு எடுத்ததைவிட அதிக நாள் ஆகும்.

1. முதல் இரண்டு நாள்: செய்ய வேண்டியது, செய்யக்கூடாதது

முதல் வேலை, மெட்டியையும் கொலுசையும் கழற்றுவது. வீக்கம் ஏறிவிட்டால் மெட்டி விரலை இறுக்கி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். அடிபட்ட அரை மணி நேரத்துக்குள் சோப்பு நுரை தடவிச் சுழற்றினால் பெரும்பாலும் வந்துவிடும்.

அடுத்து, காலை நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி வையுங்கள். படுத்துக்கொண்டு இரண்டு தலையணை வைத்தால் சரியாக இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்து முக்காலி மேல் காலை நீட்டினால் போதாது, வீக்கம் வடியாது. ஐஸை நேராகத் தோலில் வைக்காமல் ஈரத்துண்டில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை வையுங்கள்.

எண்ணெய் போட்டு நீவுவது, வெந்நீர் ஒத்தடம், மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டுவது, இவை மூன்றும் எக்ஸ்ரே எடுக்கும்வரை வேண்டாம். நீவினால் விலகாத எலும்பும் விலகலாம். சூடு வீக்கத்தைக் கூட்டும். எந்தக் கட்டு போட்டிருந்தாலும் விரல் நுனியை அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு மூன்று வினாடியில் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்கவில்லை, விரல் மரத்துப்போகிறது, ஜில்லென்று இருக்கிறது என்றால் கட்டை உடனே தளர்த்திவிட்டு மருத்துவமனைக்குப் போங்கள்.

சுளுக்கா முறிவா என்று பார்க்க மருத்துவர்கள் பின்பற்றும் எளிய விதி ஒன்று உண்டு. மேலே சொன்ன முட்டை அழுத்தினால் வலிக்கிறதா? பாதத்தின் உள்பக்கம், கணுக்காலுக்கு முன்னால் உள்ள எலும்பை அழுத்தினால் வலிக்கிறதா? நொண்டியாவது நான்கு அடி வைக்க முடிகிறதா? முதல் இரண்டில் ஒன்றுக்கு ஆம் என்றாலோ, நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலோ, எக்ஸ்ரே தேவை. நீண்ட நாள் சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்கு இந்த விதி பொருந்தாது. அவர்கள் வலியே இல்லாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துவிட வேண்டும்.

2. எக்ஸ்ரே: பாதத்துக்கு எடுக்கச் சொல்லுங்கள்

இங்கே நடக்கும் பெரிய தவறு, “கணுக்கால் பிசகிவிட்டது” என்று சொல்லிக் கணுக்காலுக்கு மட்டும் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வருவது. அந்தப் படத்தில் இந்த எலும்பு ஓரத்தில் பாதிதான் விழும், சில சமயம் விழாமலே போகும். வலிக்கும் முட்டை விரலால் தொட்டுக் காட்டுங்கள். பாதத்துக்கு நேராக, சாய்வாக, பக்கவாட்டில் என மூன்று கோணம் வேண்டும். சாய்வுக் கோணத்தில்தான் விரிசல் நன்றாகத் தெரியும். தனியார் லேபில் கோணத்துக்குச் சில நூறு ரூபாய் ஆகும். அரசு மருத்துவமனையில் இலவசமாகவோ பெயரளவுக் கட்டணத்துக்கோ எடுத்துவிடலாம். வரிசைக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள்.

படம் வந்ததும் டாக்டரிடம் மூன்று கேள்வி கேளுங்கள், பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். எலும்பில் எந்த இடத்தில் முறிவு? காலை ஊன்றலாமா, எவ்வளவு? அடுத்த எக்ஸ்ரே என்றைக்கு?

முதல் கேள்விதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. முட்டின் நுனி மட்டும் பிய்ந்திருந்தால் நல்ல செய்தி. அங்கே ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது. வாக்கிங் பூட்டோ (பாதத்தை அசையாமல் பிடித்துவைக்கும், கழற்றி மாட்டும் மருத்துவக் காலணி) கெட்டி அடிப்பாகம் கொண்ட செருப்போ போட்டுக்கொண்டு, வலி தாங்குமளவு சில நாளிலேயே ஊன்றச் சொல்வார்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் கூடிவிடும். அதிலிருந்து ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் விரல் பக்கமாகத் தள்ளி முறிந்திருந்தால் அது ஜோன்ஸ் முறிவு. அங்கே ரத்த ஓட்டம் குறைவு, கூடாமலே நின்றுவிடும் ஆபத்து உண்டு. ஆறு முதல் எட்டு வாரம் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்பார்கள். விளையாட்டு வீரர்களுக்கும் உடல் உழைப்பில் இருப்பவர்களுக்கும் ஸ்குரூ வைத்து அறுவை செய்வதும் உண்டு. இரண்டும் ஒரே எலும்பு என்பதால் “எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், ரெண்டாம் வாரமே நடந்தார்” என்று யாராவது சொல்வார்கள். அவருக்கு எந்த இடத்தில் முறிந்தது என்று தெரியாமல் அதைக் கேட்டு நடக்காதீர்கள்.

பத்து, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளின் படத்தில் அந்த முட்டுக்குப் பக்கத்தில் எலும்பின் நீளவாக்கில் ஒரு கோடு தெரியும். அது வளர்ச்சிக் கோடு, முறிவல்ல. முறிவுக் கோடு பெரும்பாலும் எலும்புக்குக் குறுக்கே ஓடும்.

3. காகிதங்கள்: முதல் நாளே சேர்க்க வேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி அதில் ஓ.பி. சீட்டு, எக்ஸ்ரே பிலிம், அதன் ரிப்போர்ட், மருந்துக் கடை பில், பூட்டும் ஊன்றுகோலும் வாங்கிய பில் எல்லாவற்றையும் அசலாக வையுங்கள். போனிலும் படமெடுத்துக்கொள்ளுங்கள். மருந்து பில்லின் மை ஆறு மாதத்தில் மங்கிவிடும்.

விடுப்புக்கான மருத்துவச் சான்றை முதல் நாளே கேட்டு வாங்குங்கள். பின்தேதியிட்டுத் தர எந்த நல்ல டாக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அதில் நோயின் பெயர், எந்தக் கால், எந்தத் தேதியிலிருந்து எத்தனை நாள் என்ற நான்கும் இருக்க வேண்டும். எந்தக் கால் என்பதை அங்கேயே சரிபாருங்கள். பிலிமில் இடது, சான்றில் வலது என்று இருந்தால் இன்சூரன்ஸ் கேட்பு அந்த ஒரு சொல்லுக்காகவே திரும்பி வரும். வேலைக்குத் திரும்பும்போது தகுதிச் சான்று தனியாக வேண்டும்.

இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ளவர்கள் தங்களுக்குரிய இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் பதிவு செய்யுங்கள். நோய்க்கால உதவித்தொகையாகச் சராசரி தினக்கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாளுக்குக் கிடைக்கும். அதற்குரிய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு கட்டியிருக்க வேண்டும். வேலை செய்யும் இடத்தில் அடிபட்டிருந்தால் கணக்கே வேறு. அது பணியிடக் காயம், 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விழுந்திருந்தாலும் வேலையோடு தொடர்பு காட்ட முடிந்தால் அதில் சேரும். அதற்கு நிறுவனம் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். எனவே அன்றைக்கே, எழுத்தில், நேரமும் இடமும் சாட்சியும் குறிப்பிட்டு மேலாளருக்குத் தெரிவியுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் மின்னஞ்சலும் பின்னால் கைகொடுக்கும்.

சாதாரண மருத்துவக் காப்பீடு புறநோயாளிச் செலவை ஏற்பது அரிது. ஆனால் பலரிடம் தனிநபர் விபத்துக் காப்பீடு தனியாக இருக்கும், வங்கிக் கணக்கோடு சேர்ந்தோ அலுவலகம் மூலமோ வந்திருக்கும். அதில் எலும்பு முறிவுக்கோ, வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்கோ தொகை உண்டா என்று பத்திரத்தில் பாருங்கள். தகவல் சொல்லக் கெடு உண்டு. முதல் வாரத்துக்குள் சொல்லிவிடுவது நல்லது.

4. ஊன்றுகோலும் பூட்டும்: அளவு தப்பினால் வேறு இடம் வலிக்கும்

அக்குள் ஊன்றுகோல் ஒரு ஜோடி சுமார் 700 முதல் 1,500 ரூபாய், வாக்கர் 1,000 முதல் 2,000, வாக்கிங் பூட் 1,500 முதல் 4,000 வரை விற்கிறது. சர்ஜிக்கல் கடைகள் சிலவற்றில் வாடகைக்கும் கிடைக்கும். பூட்டை மட்டும் புதிதாக வாங்குங்கள். அடுத்தவர் போட்ட பூட்டின் மெத்தை அவர் காலுக்கேற்ப அமுங்கியிருக்கும்.

ஊன்றுகோலின் உயரத்தைக் கடையிலேயே நின்று சரி செய்யுங்கள். மேல் பட்டைக்கும் அக்குளுக்கும் நடுவே மூன்று விரல் நுழைய வேண்டும். கையைத் தொங்கவிட்டால் பிடி மணிக்கட்டு மட்டத்தில் இருக்க வேண்டும்; பிடித்தால் முழங்கை லேசாக மடிய வேண்டும். உடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்க வேண்டும், அக்குளில் அல்ல. அக்குளில் சாய்ந்து நடந்தால் அங்குள்ள நரம்பு நசுங்கி, ஒரு வாரத்தில் கை மரக்கத் தொடங்கும். அடியிலுள்ள ரப்பர் குமிழைத் திருப்பிப் பாருங்கள். கோடுகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் ஈர டைல்ஸில் உங்களை அதுவே தள்ளிவிடும். மாற்றுக் குமிழ் விலை மிகக் குறைவு.

ஒரே கோலுக்கு மாறும் கட்டத்தில் அதை நல்ல கால் பக்கக் கையில் பிடியுங்கள். வலது காலில் அடி என்றால் இடது கையில் கோல். பெரும்பாலானோர் இதை மாற்றிப் பிடித்துக்கொண்டு, அடிபட்ட காலின் மேலேயே பாரத்தைப் போட்டு நடக்கிறார்கள்.

மாடிப்படிக்கு ஒரே விதி: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட காலும் கோலும் முதலில்.

பூட் அந்தக் காலை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் உயர்த்திவிடும். மறுகாலில் வெறும் ஹவாய் செருப்பு போட்டு நடந்தால் இடுப்பு ஒருபக்கம் ஏறி இறங்கி, பத்து நாளில் முதுகு பிடித்துக்கொள்ளும். மறுகாலுக்கு அடி தடித்த ஷூ போட்டு உயரத்தைச் சமப்படுத்துங்கள், வீட்டுக்குள்ளும்.

வீட்டில் மிதியடிகளைச் சுருட்டி வைத்துவிடுங்கள். குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து குளியுங்கள். மாவுக்கட்டு இருந்தால் முழங்கால் வரை பிளாஸ்டிக் பை சுற்றி, மேலே ரப்பர் பட்டை போட்டு, காலை ஒரு முக்காலியில் தண்ணீர் படாமல் நீட்டிக்கொள்ளுங்கள். தரைக் கழிப்பறை மட்டும் உள்ள வீடுகளுக்குக் கமோட் நாற்காலி கட்டாயம். குந்தி உட்கார்ந்து எழும் அந்த ஒரு நொடியில் உடம்பின் முழு பாரமும் முன்பாதத்தில் இறங்குகிறது. இரண்டு கையிலும் கோல் இருக்கும்போது காபி டம்ளரைத் தூக்க முடியாது. குறுக்கே மாட்டும் துணிப்பை, மூடி திருகும் பிளாஸ்க், இரண்டும் இருந்தால் பாதி வேலைக்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை.

5. முதல் இரண்டு வாரம்: கால் மேலே, மற்றதெல்லாம் வேலையில்

வீக்கமும் வலியும் அடங்க மூன்று, நான்கு நாள் விடுங்கள். பிறகு காலையில் 20 நிமிடம், மாலையில் 20 நிமிடம். பூட்டோ கட்டோ போட்டபடியே இவை எல்லாம் செய்யலாம்.

படுத்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அதைக் கீழே அழுத்துங்கள். தொடை இறுகுவது தெரிய வேண்டும். ஐந்து வினாடி, பத்து முறை. அடுத்து முழங்காலை மடக்காமல் காலை ஒரு சாண் உயர்த்தி இறக்குவது, பத்துப் பத்தாக மூன்று சுற்று. ஒருக்களித்துப் படுத்து மேல் காலைத் தூக்குவதும் அதே கணக்கு. பூட்டின் கனமே இங்கே எடையாகிவிடுகிறது. நல்ல காலை மடக்கி ஊன்றி இடுப்பை மட்டும் தூக்குவது, பத்து முறை. அடிபட்ட காலை அப்போது நீட்டியே வைத்திருங்கள்.

மேலுடம்புக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் போதும், அது ஒரு கிலோ. கை இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தோளுக்கு மேல் தூக்குவது, முழங்கை மடக்குவது, பக்கவாட்டில் விரிப்பது. மூச்சு வாங்க வைக்க வேண்டுமென்றால் உட்கார்ந்தபடியே காற்றில் குத்துங்கள். 40 வினாடி வேகமாக, 20 வினாடி ஓய்வு, இப்படிப் பத்து சுற்று. ஆறாவது சுற்றில் வியர்க்கும். நடைப்பயிற்சி இல்லாமல் சர்க்கரை ஏறுகிறதே என்று கவலைப்படுபவர்கள் சாப்பாட்டுக்கு அரை மணி கழித்து இதைச் செய்து, மீட்டரில் பாருங்கள்.

கெண்டைக்காலில் புதிதாக வலி, அந்தக் கால் மட்டும் திடீரென வீங்குவது, சூடாக இருப்பது, மூச்சுத் திணறல் இவற்றில் எது வந்தாலும் உடற்பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அசையாத காலில் ரத்தம் உறைவதன் அறிகுறி அது. நாளுக்குப் பலமுறை விரல்களை மடக்கி நீட்டச் சொல்வது அதைத் தவிர்க்கத்தான்.

6. மூன்றிலிருந்து ஆறாம் வாரம்: ஊன்றி நடப்பதைக் கூட்டுவது

இந்தப் பகுதி, நுனி பிய்ந்த வகைக்கு மட்டும். ஜோன்ஸ் முறிவுக்காரர்கள் டாக்டர் சொல்லும்வரை ஐந்தாம் பகுதியிலேயே இருங்கள்.

ஒரு அளவுகோலை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வலி பத்துக்கு மூன்றுக்குள் இருக்கலாம். அடுத்த நாள் காலை பாதம் நேற்றுக் காலை இருந்தது போலவே இருக்க வேண்டும். செய்யும்போது ஒன்றும் தெரியாது, மறுநாள்தான் கணக்குத் தெரியும். எழுந்ததும் வெளி ஓரம் தடித்திருந்தால் நேற்றுச் செய்ததில் பாதி மட்டும் இன்றைக்கு.

பூட்டோடு வீட்டுக்குள் நடங்கள், முதலில் குதிகாலில் பாரம் வைத்து. ஒரு நாளைக்கு நான்கு தடவை ஐந்து நிமிடம் நடப்பது, ஒரே தடவை இருபது நிமிடம் நடப்பதைவிட நல்லது. டாக்டர் அனுமதித்தால் பூட்டைக் கழற்றி உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் இருபது முறை அசையுங்கள். பாதத்தை உள்பக்கமாகத் திருப்புவது மட்டும் வேண்டாம். முட்டில் ஒட்டியிருக்கும் தசைநாரும் தசைப்பட்டையும் அந்த அசைவில்தான் பிய்ந்த துண்டை இழுக்கின்றன.

நின்ற இடத்திலேயே ஓட்டும் சைக்கிள் கிடைத்தால், கெட்டி அடி கொண்ட ஷூ போட்டு, பெடலின் மேல் குதிகாலை வைத்து, எதிர்ப்பு ஏதுமின்றி பத்து நிமிடம். இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டலாம். நீச்சல் தெரிந்தவர்கள் கட்டு அகன்ற பிறகு, தொடைகளுக்கு நடுவே மிதவையை இடுக்கிக் கையால் மட்டும் நீந்தலாம். சுவரை அந்தக் காலால் உதைத்துத் திரும்பக்கூடாது. குளத்தின் ஈரத் தரையில் கோலில்லாமல் நடப்பதுதான் நீச்சலைவிட ஆபத்து. கிணற்றுப் படியும் பாசியும் இப்போதைக்கு வேண்டாம்.

மூன்றாம் வாரத்தில் வலி சட்டென்று குறையும். பலர் பூட்டை அன்றைக்கே கட்டிலுக்கடியில் தள்ளிவிடுகிறார்கள். அந்த நேரத்தில் எலும்பை ஒட்டியிருப்பது இன்னும் கெட்டியாகாத இளம் திசு. இரவில் பாத்ரூம் போக வெறுங்காலோடு எழுந்து, வாசற்படியில் இடித்துக்கொண்டு, முதல் நாளுக்குத் திரும்பும் ஆட்கள் இந்த வாரத்தில்தான் அதிகம். பூட்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில், கை எட்டும் இடத்தில் வையுங்கள்.

வண்டி ஓட்டுவதற்கு அவசரம் வேண்டாம். பைக்கில் கியர் இடது காலிலும் பின் பிரேக் வலது காலிலும் இருக்கின்றன. ஸ்கூட்டரில் பிரேக் கையில் இருந்தாலும் சிக்னலில் வண்டியின் பாரத்தை எந்தக் காலாவது தாங்க வேண்டும். கார் என்றால் வலது காலில் பூட்டோடு ஓட்டவே கூடாது.

7. ஆறாம் வாரத்துக்குப் பின்: ஷூ, நடை, ஓட்டம்

இந்தக் கட்டத்தில் எடுக்கும் எக்ஸ்ரேயில் கோடு இன்னும் தெரிந்தால் பதற வேண்டாம். நுனி முறிவில் அந்தக் கோடு மாதக்கணக்கில் படத்தில் தெரியலாம். முட்டை அழுத்தினால் வலிக்கவில்லை, ஊன்றினால் வலிக்கவில்லை என்பதையே டாக்டர் பெரிதாகப் பார்ப்பார். மாறாக, ஆறு வாரம் கடந்தும் அழுத்தினால் அதே வலி என்றால் எலும்பு நிபுணரைப் பார்க்க வேண்டும்.

பூட்டிலிருந்து நேராகச் செருப்புக்குத் தாவாதீர்கள். அடிப்பாகத்தைக் கையில் பிடித்து வளைத்தால் எளிதில் வளையாத ஷூவாகப் பாருங்கள். சமதரையில் பத்து நிமிடம், இரண்டு நாளுக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டி அரை மணிக்கு வாருங்கள். சுவரைப் பிடித்து இரண்டு குதிகாலையும் ஒன்றாக உயர்த்தி இறக்குவது, பத்துப் பத்தாக மூன்று சுற்று. அது சுலபமானதும் அடிபட்ட காலில் மட்டும். ஒற்றைக் காலில் 30 வினாடி நிற்பதைப் பல் தேய்க்கும்போதே பழகலாம். மறுபடி பிசகாமல் காப்பது இந்தச் சமநிலைதான்.

ஓட்டத்துக்குத் திரும்ப இரண்டு தகுதி வேண்டும். அரை மணி வேகநடை வலியில்லாமல் முடிய வேண்டும். அடிபட்ட காலில் மட்டும் குதிகாலை இருபது முறை உயர்த்த முடிய வேண்டும். இரண்டும் வந்தால் ஒரு நிமிடம் மெதுஓட்டம், நான்கு நிமிடம் நடை என்று ஆறு சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். நுனி முறிவுக்கு இது பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு வாரத்தில் கைகூடும்.

சாப்பாட்டில் புரதமும் கால்சியமும் குறையாமல் பாருங்கள். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. வைட்டமின் டி அளவை ஒருமுறை ரத்தத்தில் பார்த்துவிடுவது நல்லது. பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும், குறிப்பாக ஜோன்ஸ் முறிவில்.

வெறுங்காலோடு நெடுந்தூரம் நடக்கும் வேண்டுதல் இருந்தால் அதைக் கடைசியாக வையுங்கள். திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். தார்ச்சாலையில் செருப்பில்லாமல் நான்கைந்து மணி நேரம் பாதத்தின் வெளி ஓரம் அடி வாங்கும். ஷூவோடு பத்து கிலோமீட்டர் நடந்து, மறுநாள் காலை முட்டைத் தடவிப் பார்த்து, தடிப்போ வலியோ இல்லையென்றால் அடுத்த பௌர்ணமிக்குத் தேதி குறிக்கலாம்.